மிதிவெடி ஒப்பந்தம்: உள்ளேயே இருப்பதா, விலகுவதா, வெளியே நின்று கட்டுப்படுவதா?

2025-ல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் மிதிவெடித் தடை ஒப்பந்தத்துக்கு முழுக்குப் போட முடிவெடுத்தன. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் ஜூன் 27 அன்று ஐ.நா.விடம் விலகல் கடிதத்தைக் கொடுத்தன. ஜூலையில் பின்லாந்தும் ஆகஸ்டில் போலந்தும் அதையே செய்தன. கடிதம் கொடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் விலகல் செல்லுபடியாகும் என்பதால், கடைசியாகக் கொடுத்த போலந்துக்கு அந்த நாள் 2026 பிப்ரவரி 20. ஐந்துமே ரஷ்யாவுக்கு அண்டை நாடுகள். அதே ரஷ்யாவோடு சுமார் 198 கிலோமீட்டர் எல்லை உள்ள நார்வேயும் நேட்டோ உறுப்பினர்தான், அது விலகவில்லை.

ஒரே எதிரி, ஒரே கூட்டணி, ஆனால் இரண்டு முடிவுகள். பகை நாட்டோடு தரைவழி எல்லை வைத்திருக்கும் எந்த அரசும் இதை ஒருநாள் யோசித்தாக வேண்டும். வழிகள் மூன்று. ஒப்பந்தத்துக்குள் இருந்துகொண்டு, அது அனுமதிக்கும் ஆயுதங்களை வைத்தே எல்லையைக் காக்கலாம். விலகி, மிதிவெடிகளைக் கிடங்கில் சேர்த்து வைத்து, போர் வந்தால் புதைக்கலாம். அல்லது இந்தியாவைப் போல முதலிலிருந்தே வெளியே நின்று, இன்னொரு தளர்வான விதித்தொகுப்புக்குக் கட்டுப்படலாம். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான நாடுகளுக்கு முதல் வழிதான் சரி. மனிதாபிமானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ராணுவக் கணக்கை மட்டும் போட்டாலும் அதுதான் தேறுகிறது என்பது என் கட்சி.

ஒப்பந்தம் எதைத் தடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது

1996 அக்டோபரில் ஒட்டாவாவில் நடந்த கூட்டத்தின் முடிவில் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி எழுந்து, அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஒரு தடை ஒப்பந்தத்தோடு எல்லோரும் திரும்பி வாருங்கள் என்று அழைத்தார். ராஜதந்திரிகள் பலருக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது. ஆனால் 1997 டிசம்பர் 3 அன்று அதே ஊரில் கையெழுத்து நடந்தது. 1999 மார்ச் 1 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இதற்காக உழைத்த சர்வதேசப் பிரசார இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் 1997-ன் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 160-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான், இரண்டு கொரியாக்கள், இஸ்ரேல், ஈரான், மியான்மர் ஆகியவை சேரவில்லை.

சேர்ந்த நாடு மிதிவெடியைப் பயன்படுத்தவோ, தயாரிக்கவோ, சேமிக்கவோ, கைமாற்றவோ கூடாது. கையிருப்பை 4 ஆண்டுக்குள் அழிக்க வேண்டும். தன் மண்ணில் இருப்பதை 10 ஆண்டுக்குள் அகற்ற வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்கலாம். பயிற்சிக்காகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். 'இந்தப் பிரிவு எனக்குப் பொருந்தாது' என்று விலக்குக் கேட்க மட்டும் வழியே கிடையாது.

இந்த விவாதத்தில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் தடை செய்வது, ஒரு மனிதர் மிதித்தாலோ தொட்டாலோ அருகில் வந்தாலோ தானாக வெடிக்கும் ஆயுதத்தை மட்டும். டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளுக்குத் தடை இல்லை. கிளேமோர் (ஒரு பக்கமாகக் குண்டுகளைச் சிதறடிக்கும் கண்ணிவெடி) போன்றவற்றை, ஒரு சிப்பாய் கண்ணால் பார்த்து விசையை அழுத்தினால்தான் வெடிக்கும் என்ற வகையில் பயன்படுத்தவும் தடை இல்லை. அதையே தடுக்குக் கம்பி கட்டி, தடுக்கினால் வெடிக்கும்படி வைத்தால் தடை உண்டு. ஆக, உள்ளே இருக்கும் நாடு கையைக் கட்டிக்கொண்டு எல்லையில் நிற்க வேண்டும் என்பது பொய். அகழி, கான்கிரீட் தடுப்பு, முள்கம்பி, டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி, பீரங்கி, டிரோன் எல்லாம் அதனிடம் இருக்கலாம். முடிவெடுக்கும் அரசு கேட்க வேண்டியது, இவற்றுக்கு மேல் மிதிவெடி கூடுதலாக என்ன தரும் என்பதைத்தான்.

புதைத்தால் என்ன கிடைக்கும்

விலகுபவர்களின் வலுவான வாதத்திலிருந்தே தொடங்குவோம். 2023 ஜூனில் உக்ரைன் தன் தெற்கில், ஜபோரிஜியா பகுதியில் எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. மேற்கத்திய நாடுகள் கொடுத்த லெப்பர்ட் டாங்கிகளும் பிராட்லி கவச வண்டிகளும் ரஷ்யா புதைத்திருந்த கண்ணிவெடி வயல்களில் மாட்டி நின்றன. டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளோடு மிதிவெடிகளும் கலந்து புதைக்கப்பட்டிருந்ததால், இறங்கி நடந்துபோய் அகற்றுவதும் ஆபத்தானது. எதிர்த்தாக்குதல் தன் இலக்கை எட்டாமல் போனதற்கு இந்த வயல்கள் ஒரு முக்கியக் காரணம். பின்லாந்தின் வாதம் இங்கிருந்துதான் புறப்படுகிறது: ரஷ்யா ஆள் இழப்பைப் பொருட்படுத்தாமல் காலாட்படையைச் சிறு சிறு குழுக்களாக அனுப்பிக்கொண்டே இருக்கும் படை, 1,340 கிலோமீட்டர் எல்லையில் அடி அடியாக ஆளை நிறுத்த எங்களிடம் மக்கள்தொகை இல்லை, மலிவாக அந்த இடைவெளியை நிரப்ப மிதிவெடி வேண்டும். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே களத்தை இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த வயல்கள் சும்மா கிடந்து வேலை செய்யவில்லை. பின்னால் அகழிகளில் ஆட்கள் இருந்தார்கள். பீரங்கி குறி வைத்திருந்தது. மேலே கா-52 ஹெலிகாப்டர்களும் டிரோன்களும் சுற்றின. வண்டியைக் கண்ணிவெடி நிறுத்தியது. நின்ற வண்டியை அடித்தவை மற்றவை. யாரும் காவல் காக்காத வயலைப் பொறுமையாக வேலை செய்யும் ஒரு பொறியியல் படைப்பிரிவு ஓரிரு இரவுகளில் கடந்துவிடும் என்பதை ராணுவப் பயிற்சி நூல்களே சொல்லும். கண்காணிப்பும் சூட்டு ஆதரவும் இருக்கும் இடத்தில்தான் மிதிவெடிக்கு மதிப்பு. அவை இரண்டும் இருக்கும் இடத்தில் மிதிவெடி இல்லாமலேயே பெரும்பகுதி வேலை நடந்துவிடும். ஆள் இல்லாத இடைவெளியை நிரப்ப மிதிவெடி என்ற பின்லாந்து வாதம் இந்த இடத்தில்தான் இடிக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1996-ல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், இரண்டாம் உலகப் போரில் தொடங்கி அதுவரை நடந்த 26 போர்களை எடுத்து ராணுவ அனுபவம் உள்ளவர்களைக் கொண்டு ஆராய வைத்தது. மிதிவெடிகள் போரின் போக்கைத் தீர்மானித்ததற்குப் பெரிதாகச் சான்று கிடைக்கவில்லை. விதிப்படி புதைத்து, குறித்து, பராமரித்த சந்தர்ப்பங்களும் சொற்பம். செஞ்சிலுவைச் சங்கம் தடையை ஆதரிக்கும் அமைப்பு, அது அப்படித்தான் சொல்லும் என்று ஒருவர் சொல்லலாம், சரி. அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ் இயங்கும் தணிக்கை அலுவலகத்தின் 2002 அறிக்கை இருக்கிறது. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைகள் ஏறக்குறைய 1,18,000 கண்ணிவெடிகளைத் தூவின. அவற்றால் எதிரிக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ உயிரிழப்பு ஏற்பட்டதாக ராணுவ ஆவணங்களில் சான்று இல்லை என்று அந்த அறிக்கை பதிவு செய்தது. தங்கள் கண்ணிவெடியே தங்கள் படையின் வேகத்தைக் குறைத்துவிடும் என்று தளபதிகள் சிலர் அஞ்சியதும் அதில் உண்டு.

இன்றைய களமும் மாறிவிட்டது. உக்ரைனில் முன்னரங்குக்கு இருபுறமும் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு, ஒற்றை ஆள் நடந்து போனாலும் டிரோன் தேடி வந்து அடிக்கிறது. 1990-களில் மிதிவெடி செய்த வேலையை, யார் வருகிறார் என்று பார்த்து அடிக்கும் ஒரு கருவி செய்யத் தொடங்கியிருக்கிறது. டிரோன் ஒன்றும் புனிதமான ஆயுதம் இல்லை. பொதுமக்களை அது வேட்டையாடிய சம்பவங்கள் அங்கேயே உண்டு. ஆனால் போர் முடிந்தால் அது மண்ணுக்குள் முப்பது ஆண்டு காத்திருக்காது.

விலகினால் வரும் கணக்கு

பின்லாந்து 2012-ல்தான் சேர்ந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவெடிகளை 2015-க்குள் அழித்து முடித்தது. போலந்தும் 2012-ல் சேர்ந்து, தன் பெரிய கையிருப்பை அழித்தது. இப்போது இரண்டும் திரும்பத் தயாரிக்கவோ வாங்கவோ வேண்டும். மிதிவெடியின் விலை சில டாலர்தான். புதைத்த ஒன்றைப் பின்னால் தோண்டி எடுக்க 300 முதல் 1,000 டாலர் வரை ஆகும் என்பது ஐ.நா. பல காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. அந்தச் செலவு இன்றைய பாதுகாப்பு அமைச்சரின் பட்ஜெட்டில் வராது என்பதுதான் மிதிவெடி மலிவாகத் தெரிவதன் ரகசியம்.

விலகும் அரசுகள் பொதுவாகத் தரும் உறுதி, சமாதான காலத்தில் புதைக்க மாட்டோம், தேவைப்பட்டால் மட்டும் புதைப்போம், வரைபடம் வைத்துக்கொள்வோம் என்பது. அவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் போர் நடக்கும்போது வரைபடத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு முகமாலை ஒரு பாடம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தில் உள்ள அந்த இடத்தில் முன்னரங்கு பல ஆண்டுகள் நின்றது, சில நூறு மீட்டர் முன்னும் பின்னுமாக நகர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும் இலங்கை ராணுவமும் விடுதலைப் புலிகளும் புதிது புதிதாகப் புதைத்தார்கள். தொழிற்சாலைத் தயாரிப்புகளோடு புலிகளின் சொந்தத் தயாரிப்பான ஜொனி மிதிவெடிகளும் சேர, மண் அடுக்கடுக்காக வெடிபொருள் ஆனது. புதைத்தவரே இறந்துபோயிருந்தால் யாரிடம் கேட்பது? போர் 2009 மே மாதம் முடிந்தது. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அகற்றி முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன். இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் அந்த மண்ணை அடி அடியாகச் சுரண்டிச் சோதித்தவர்களில் கணிசமானோர் பெண்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்களும் அவர்களில் உண்டு.

பணமும் ஒழுங்கும் உள்ள நாட்டுக்கு மட்டும் இது சுலபம் என்று நினைத்தால் பாக்லாந்துத் தீவுகளைப் பாருங்கள். 1982 போர் சில வாரங்களில் முடிந்தது. அர்ஜென்டினா புதைத்தவற்றைப் பிரிட்டன் முழுதாக அகற்றியது 2020 நவம்பரில். அதற்கும் ஜிம்பாப்வேயிலிருந்து வந்த அனுபவசாலிகள் தேவைப்பட்டார்கள். (அங்குள்ள பென்குவின்களுக்கு மிதிவெடியை வெடிக்க வைக்கும் எடை இல்லாததால், வேலி போட்ட வயல்கள் அவற்றுக்கு நல்ல சரணாலயம் ஆகிவிட்டன என்பது வேறு கதை.)

எல்லைக்கு அப்பால் போகும் செலவும் உண்டு. லித்துவேனியா 2025 மார்ச்சில் கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலிருந்தும் வெளியேறியது. அதை விட்டு விலகிய முதல் நாடு அதுதான். ஒரு கதவைத் திறந்தவர் அடுத்ததையும் திறப்பார் என்ற அச்சம் இதனால் வந்தது. 2023-ல் மட்டும் உலகெங்கும் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 5,757 பேர் இறந்தோ காயமடைந்தோ பதிவானார்கள். அதில் 84 விழுக்காடு பொதுமக்கள். எண்ணிக்கையில் முதலிடம் மியான்மருக்கு. மியான்மர் ராணுவத்திடம் 'இதை உலகமே வெறுக்கிறது' என்று சொல்ல ஐரோப்பாவுக்கு இனி அதே குரல் இருக்காது.

இத்தனையும் சொன்னாலும், விலகியவர்களில் ஒருவரின் வாதம் எனக்குப் புரிகிறது. எஸ்டோனியா போன்ற நாட்டுக்குப் பின்வாங்க நிலப்பரப்பே இல்லை. முதல் 48 மணி நேரத்தைத் தாக்குப்பிடித்தால்தான் நேட்டோவின் மற்ற படைகள் வந்து சேர நாடு மிச்சம் இருக்கும். நிலம் திரும்பக் கிடைத்தால் பிறகு மிதிவெடியைப் பற்றிக் கவலைப்படலாம் என்று அவர்கள் சொல்லும்போது பதில் சொல்வது கடினம். பெரிய நிலமும், பெரிய பீரங்கிப் படையும் உள்ள பின்லாந்துக்கும் போலந்துக்கும் அதே வாதத்தை அப்படியே நீட்ட முடியாது.

வெளியே நின்று கட்டுப்படுவது

மூன்றாவது வழிக்கு அடிப்படை, 1980-ன் மரபார்ந்த ஆயுதங்கள் ஒப்பந்தத்தின் கீழ் 1996-ல் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறை. இந்தியா 1999-ல் இதை ஏற்றது. அமெரிக்கா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான் எல்லாம் இதில் உண்டு. மிதிவெடியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் உலோகக் கருவியால் கண்டுபிடிக்கும்படி அதில் குறைந்தது 8 கிராம் இரும்புக்கு ஈடான உலோகம் இருக்க வேண்டும். தூரத்திலிருந்து தூவுவதாக இருந்தால் குறிப்பிட்ட நாளில் தானாக அழிய வேண்டும், அதிலும் தப்பியது செயலிழக்க வேண்டும். கையால் புதைப்பதாக இருந்தால் வேலி, எச்சரிக்கைப் பலகை, காவல் எல்லாம் வேண்டும். போர் முடிந்ததும் அகற்ற வேண்டும்.

காகிதத்தில் இது நியாயமான நடுவழி. நடைமுறையில்? 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா ஆபரேஷன் பராக்கிரம் என்ற பெயரில் படைகளை மேற்கு எல்லைக்கு நகர்த்தியது. பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு விவசாய நிலங்களில் பெரிய அளவில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. போர் வரவே இல்லை. புதைக்கும்போதும் எடுக்கும்போதும் கணிசமான ராணுவ வீரர்கள் இறந்தார்கள், உறுப்பை இழந்தார்கள். விவசாயிகள் விதைப்புப் பருவங்களை இழந்தார்கள். ஒழுக்கமும் பயிற்சியும் உள்ள பெரிய ராணுவம், விதிகளை ஏற்ற அரசு. எதிரி ஒரு தோட்டாவும் சுடும் முன்பே இவ்வளவு இழப்பு. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் நிலைமை இன்னும் மோசம்: பனிச்சரிவும் மழையும் மிதிவெடியை இடம் மாற்றுகின்றன, அடுத்த பருவத்தில் அதை மிதிப்பது ஊடுருவுபவராகவும் இருக்கலாம், காவல் சுற்றும் சொந்தப் படையின் ஜவானாகவும் இருக்கலாம். கொரிய எல்லையிலும் வெள்ளத்தில் மிதிவெடிகள் அடித்துவரப்படுவது வாடிக்கை.

அமெரிக்கா இந்த வழியின் இன்னொரு குறையைக் காட்டுகிறது: அரசு மாறினால் கொள்கையும் மாறும். 2014-ல் ஒபாமா கொரியா தவிர மற்ற இடங்களில் பயன்படுத்துவதில்லை என்றார். 2020-ல் டிரம்ப் அதை எடுத்தார். 2022-ல் பைடன் திரும்பக் கொண்டுவந்தார்; 2024 நவம்பரில் அவரே உக்ரைனுக்கு மிதிவெடி கொடுக்க ஒப்புதல் தந்தார். அவை மின்கலம் தீர்ந்ததும் சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் செயலிழக்கும் ரகம் என்றார்கள். அப்படியே இருக்கலாம். ஆனால் மண்ணில் கிடப்பது செத்ததா உயிரோடு இருப்பதா என்று வயலுக்குத் திரும்பும் விவசாயிக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே கவனத்தோடுதான் தோண்ட வேண்டும்.

சரி, இந்தியா நாளைக்கே ஒட்டாவாவில் கையெழுத்திட வேண்டுமா? பாகிஸ்தானும் சீனாவும் வெளியே நிற்கும்போது அது நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இடைப்பட்ட படிகள் உண்டு. புதிதாகப் புதைப்பதை நிறுத்துவது, தானாகச் செயலிழக்காத பழைய ரகங்களைக் கிடங்கிலேயே அழிப்பது, எல்லையில் வெப்பப் படக்கருவியும் வேலியும் ஏற்கெனவே பார்த்துக்கொள்ளும் பகுதிகளிலிருந்து பழைய வயல்களை எடுப்பது. இதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

உள்ளே இருப்பதன் பலவீனம்

முதல் வழியை ஆதரிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது: ஒப்பந்தத்துக்குப் பல் குறைவு. தாய்லாந்தும் கம்போடியாவும் இரண்டுமே உறுப்பு நாடுகள். 2025 ஜூலையில் எல்லையில் தாய்லாந்து வீரர்கள் மிதிவெடியில் கால்களை இழந்தார்கள். புதிதாகப் புதைத்த பி.எம்.என்-2 ரகம் என்றது தாய்லாந்து. பழைய போர்க்கால மிச்சம் என்றது கம்போடியா. ஜூலை 24 அன்று இரு நாடுகளுக்கும் இடையே சண்டையே மூண்டது. உண்மை கண்டறியும் குழுவை அனுப்பும் வழி ஒப்பந்தத்தில் இருந்தாலும், அது உறுப்பு நாடுகள் கூடிப் பேசி நகர வேண்டிய மெதுவான வழி. எல்லையில் துப்பாக்கி வெடிக்கும் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது.

உக்ரைனின் நிலை இன்னும் சிக்கல். 2005-ல் ஒப்பந்தத்தை ஏற்ற நாடு, ஒப்பந்தமே செய்யாத ரஷ்யாவின் மிதிவெடிகளுக்கு நடுவே போரிடுகிறது. 2025 ஜூலையில் தன் கடமைகளை நிறுத்திவைப்பதாக அது ஐ.நா.வுக்குத் தெரிவித்தது. அப்படி நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் இடமே இல்லை என்று பல உறுப்பு நாடுகள் ஆட்சேபித்தன; சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் மற்றக் கதவும் உக்ரைனுக்கு மூடியிருந்தது. ஒப்பந்தத்தின் 20-ஆம் பிரிவின்படி, விலகல் கடிதம் கொடுத்து ஆறு மாதம் முடியும்போது அந்த நாடு ஆயுத மோதலில் இருந்தால், மோதல் முடியும்வரை விலகல் செல்லாது.

எஸ்டோனியாவும் பின்லாந்தும் போர் வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காமல் சமாதான காலத்திலேயே கடிதம் கொடுத்ததற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதே பிரிவை நார்வேயும் படித்திருக்கிறது. போர் வந்த பிறகு விலக முடியாது என்று தெரிந்தே, டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியும் பீரங்கியும் கூட்டணியும் போதும் என்று அது முடிவு செய்திருக்கிறது. இந்தத் தேர்வை எடுக்கும் அரசு, தன் ராணுவத்திடம் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் ஒன்றுதான்: எல்லையின் எந்தெந்தப் பகுதியில், மற்ற எல்லா ஆயுதமும் இருக்கும்போதும், மிதிவெடி இல்லாவிட்டால் நிலம் பறிபோகும் என்று வரைபடத்தில் குறித்துக் காட்டும் காகிதம். இதுவரை விலகிய நாடுகள் அப்படி ஒன்றைப் பொதுவெளியில் வைத்து நான் பார்க்கவில்லை. ராணுவ ரகசியம் என்பார்கள். குறைந்தபட்சம் தங்கள் நாடாளுமன்றக் குழுவுக்காவது அதைக் காட்டியிருக்க வேண்டும்.